வாடிப் படம் வரைந்த சார்ல் ஐசன் ஏன் இப்படி விழுந்தார்?

படுவான்கரைப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் படவரைஞர் பாடநெறி ஒன்று செய்கிறேன். ஓவியம் படித்தவள் இல்லை, பிழையாக ஏதும் எழுதினால் திருத்துங்கள்.

போன கிழமை வகுப்பில் சேர் ஒரு படம் காட்டினார். கட்டிடக்கலைப் புத்தகம் ஒன்றுக்கு 1755இல் பாரிசில் வந்த இரண்டாம் பதிப்பின் முகப்புப் படம். எழுதியவர் லோஜியே என்ற பாதிரியார். உடைந்த தூண்களின் மேல் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் சிறகு முளைத்த ஒரு குழந்தை, அவள் விரல் நீட்டிக் காட்டுகிற பக்கத்தில் ஒரு குடிசை. குடிசை என்றால் சுவர் இல்லை, கதவு இல்லை. மண்ணில் நிற்கிற நாலு மரந்தான் கால்கள், குறுக்கே கொம்புகள், மேலே கூரைக்குச் சாய்வாகத் தடிகள், அவ்வளவுதான். தூண், உத்தரம், முகட்டு முக்கோணம் இந்த மூன்றும்தான் கட்டிடத்தின் அடிப்படை, மற்றதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்ட சோடனை என்பது லோஜியேயின் வாதமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அது எங்கள் மாமா வவுணதீவுப் பக்கம் காவலுக்கு அடித்திருக்கிற வயல் வாடி. அதே நாலு கால், அதே சாய்வு, மாமாவுடையதில் மேலே இலுக்குப் புல் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். உலகம் முழுக்கக் கட்டிடக்கலை மாணவர்கள் வணங்குகிற படம் எங்கள் வாடி என்று சொன்னால் மாமா நம்பவே மாட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். படத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஐசன், அலியாமே. லோஜியேயைப் பற்றி மட்டும் சேர் ஒரு மணித்தியாலம் பேசினார், படம் வரைந்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். சார்ல் ஐசன், 1720இல் வலன்சியெனில் பிறந்தவர், மன்னர் பதினைந்தாம் லூயியின் காலத்தில் பாரிசில் கொடிகட்டிப் பறந்த புத்தகப் படக்காரர், செப்புத் தகட்டில் தானும் செதுக்கியவர், கடைசியில் 1778இல் பிரஸ்ஸல்ஸில் கடனோடும் வறுமையோடும் செத்துப்போனார் என்று இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? கை தளர்ந்ததா, குடியா, சண்டையா? இவ்வளவு பேர் வாங்கிய ஒருவர் எப்படி அந்த இடத்துக்குப் போவார்?

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நானும் இரண்டு வருடமாகக் கையேடுகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். போன முறை ஒரு இடத்துக்கு நாற்பது படம் கொடுத்தேன். புத்தகம் வந்தபோது என் பெயர் எங்கேயும் இல்லை, பேசிய காசிலும் பாதிதான் வந்தது. அதனால் இந்த மனுசனின் கதை கொஞ்சம் குத்துகிறது.

கல்லடிக் கிறுக்கல்

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் சித்திரம் படிப்பிக்கிறவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஐசனின் தகப்பனும் ஓவியர். மகன் இருபது வயதைத் தாண்டியதும் பாரிசுக்கு வந்து லெ பா என்ற செதுக்கோவியரின் பட்டறையில் சேர்ந்தார். பாரிசில் புத்தகத்துக்குப் படம் செய்து பிழைக்க நினைத்த பையனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். வேலை, ஆட்கள், புத்தக வியாபாரிகள் எல்லாரும் அங்கே வந்துபோவார்கள். ஐசனிடம் இருந்த வரம் வேகமும் லாவகமும். ஒரு சாண் உயரம்கூட இல்லாத இடத்துக்குள் ஒரு கட்டில், திரைச்சீலை, நாய்க்குட்டி, கதவிடுக்கால் எட்டிப்பார்க்கிற ஒரு கிழவன், எல்லாவற்றையும் நெருக்காமல் வைப்பார். பெரிய சுவர் ஓவியம் செய்கிறவர்களுக்கு இது வராது.

அப்புறம் மதாம் த பொம்பதூர். மன்னரின் ஆசைநாயகி, அந்தக் காலத்தில் பிரான்சில் எது அழகு என்று தீர்மானித்தவர்களில் ஒருவர், தானே செதுக்கிப் பார்க்கிற பழக்கமும் உள்ளவர். அவருக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஆசானாக ஐசன் ஆனார். மன்னரின் ஓவியர் என்ற பட்டமும் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

உச்சம் என்று கேட்டால் நான் 1762ஐச் சொல்வேன். லா ஃபோந்தேன் எழுதிய, பெரியவர்களுக்கான குறும்புக் கதைகள் இருக்கின்றனவே, அதை இரண்டு பாகமாக ஒரு ஆடம்பரப் பதிப்புப் போட்டார்கள். தலைப்புப் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் என்று இருக்கும், அச்சடித்தது பாரிசில், கதைகள் அப்படிப்பட்டவை என்பதால் இந்தக் கண்கட்டு. காசு போட்டவர்கள் வரிக் குத்தகைக்காரர்கள். மன்னருக்கு வரவேண்டிய வரியைக் குத்தகைக்கு எடுத்து மக்களிடம் அறவிட்டுக் கொழுத்த கூட்டம் அது, அந்தப் பதிப்புக்கே இன்றுவரை அவர்கள் பெயர்தான். ஐசன் அதற்கு 80 படங்கள் வரைந்தார். கதை முடிகிற இடத்தில் வருகிற பூவேலை எல்லாம் ஷோஃபார் என்ற இன்னொருவர். உங்களுக்குப் பிடிக்கப்போகிற விசயம் இதுதான்: முதல் பாகத்தின் முகப்பில் லா ஃபோந்தேனின் முகம், இரண்டாம் பாகத்தின் முகப்பில் ஐசனின் முகம். எழுதியவனுக்குச் சமமாகப் படம் போட்டவனை உட்காரவைத்தார்கள். எழுதியவர் செத்து அறுபத்தேழு வருடம், அவரால் ஆட்சேபிக்க முடியாது என்பது வேறு கதை.

அதன் பிறகும் வேலை குறையவில்லை. 1767இலிருந்து 1771 வரை நாலு பாகமாக வந்த, பழைய ரோமக் கவிஞர் ஓவிட்டின் உருமாற்றக் கதைகளில் பூஷே, கிராவலோ, மொரோ ஆகியோருடன் சேர்ந்து வரைந்தார். 1770இல் தோரா என்ற கவிஞரின் முத்தக் கவிதைகள் வந்தன, ஒவ்வொரு கவிதைக்கும் தலையில் ஒரு சின்னப் படம், காலில் ஒரு சின்னப் படம். கவிதை சுமார். படங்கள்தான் புத்தகம். இந்தச் செலவில் தோராவின் சொத்தே கரைந்தது. பிரெஞ்சில் பலகைக்கும் படத் தகட்டுக்கும் ஒரே சொல், பிளான்ஷ். கப்பல் உடைந்தபின் பலகை பலகையாகப் பிடித்துத் தப்பிக்கிறார் இந்தக் கவிஞர் என்று காலியானி பாதிரியார் நக்கலடித்ததாகச் சொல்வார்கள்.

சரிவுக்குக் காரணம் குடியோ கை நடுக்கமோ என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். பொம்பதூர் 1764இல் இறந்துவிட்டார். அரண்மனைத் தயவு அதற்குப் பின் நிலைக்கவில்லை. ஐசன் அரச கலைக்கழகத்தில் உறுப்பினர் இல்லை, அவர் இருந்தது புனித லூக்கா கழகத்தில், அது ஓவியர்களின் பழைய தொழிற்சங்கத்தோடு ஒட்டியது. 1776இல் தொழிற்சங்கங்களை ஒழிக்கிறோம் என்று அரசு ஆணை போட்டபோது அந்தக் கழகமும் அடிபட்டுப்போனது. அடுத்த வருடம் ஐசன் பாரிசை விட்டுப் போனார். 1778 ஜனவரியில் மரணம். வயது 57.

ரசனையும் மாறிவிட்டது. ரோமாபுரி, நேர்கோடு, கண்டிப்பான முகம் என்று எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஐசனின் சுருள்களும் ரோசாக் கன்னங்களும் பழசாகத் தெரியத் தொடங்கின. மொரோ இளையவர், ஐசனைவிட 21 வயது குறைவு, அவரும் லெ பாவிடம் படித்தவர்தான், அவரிடம் வேலைகள் போய்ச் சேர்ந்தன. இதில் பெரிய பகிடி, உங்கள் வாடிப் படம்தான். சோடனையைக் கழற்றி எறி என்று சொன்ன புத்தகத்துக்கு முகப்பு வரைந்தவர், சோடனையால் சாப்பிட்டவர்.

அச்சுக் காக்கா

நான் கல்முனை. முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் நின்றவன், இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். கல்லடித் தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் காசுக் கணக்கைப் பார்க்காமல் இந்தக் கதை விளங்காது.

எழுத்தும் செப்புத் தகட்டுப் படமும் ஒரே இயந்திரத்தில் அடிக்க ஏலாது அந்தக் காலத்தில். எழுத்து மேடு. மேட்டில் மை பூசி, தாளை வைத்து அழுத்தினால் விழும். செப்புத் தகட்டில் படம் பள்ளம். தகடு முழுக்க மையைத் தேய்த்து, மறுகா மேலே இருக்கிற மையைத் துணியாலும் உள்ளங்கையாலும் வழித்து எடுத்துவிட்டு, பள்ளத்துக்குள் கிடக்கிற மை மட்டும் மிச்சமாக, நனைத்த தாளை மேலே போட்டு இரண்டு உருளைக்கு நடுவே பலமாக இழுக்கவேண்டும். அதற்கு வேறு இயந்திரம், வேறு ஆள். எழுத்துக்கு மேலே சின்னப் படம் வருகிற பக்கம் என்றால் அதே தாள் இரண்டு தரம் இரண்டு இயந்திரத்துக்குப் போய் வரவேண்டும், படம் ஒரு நூல் விலகினாலும் தாள் குப்பை. தோராவின் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இந்த வேலை என்றால் மனுசன் ஏன் ஆண்டியானார் என்று எனக்கு விளங்குகிறது.

தகடு செய்கிற விதத்தையும் சொல்கிறேன், எங்கட புளொக் வேலையோடு, அதாவது படத்தை மேடாக எடுத்த உலோக அச்சு வேலையோடு ஒப்பிட்டால் ருசியாக இருக்கும். செப்புத் தகட்டைச் சூடாக்கி மெழுகு பூசுவார்கள், மெழுகுதிரிப் புகையைக் காட்டிக் கறுப்பாக்குவார்கள், ஊசியால் கீறினால் கறுப்புக்குள் செம்பு மின்னும். மறுகா அமிலம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். மெல்லிய கோடு வேண்டிய இடத்தைச் சீக்கிரம் வார்னிஷால் மூடிவிட்டு மற்ற இடத்தை இன்னும் தின்ன விடுவார்கள், அதனால் அது ஆழமாகும், கறுப்பாகும். அதற்குப் பிறகு உளியால் கோடுகளைச் சீர்பண்ணி முடிப்பார்கள். நாங்கள் பத்திரிகைப் படத்துக்கு வைத்திருந்த நாகத் தகட்டுப் புளொக்கும் நைத்திரிக் அமிலத்தில் போட்டதுதான், ஆனால் தலைகீழ். அங்கே கோட்டை அமிலம் தின்னும், இங்கே கோட்டைத் தவிர மற்றதைத் தின்னும். எங்களுக்குப் புளொக் கொழும்பில் செய்து பார்சலாக வரும். ஒரு முறை கலியாண மலர் ஒன்றுக்கு மாப்பிள்ளையின் படம் புளொக்காக வந்தது, பிரித்துப் பார்த்தால் அமிலம் கூடிப்போய் மீசையில் பாதி இல்லை. நாளைக்குக் கலியாணம். மீசை இல்லாமலே அடித்தோம், பெண்வீட்டார்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

இப்போது கணக்கு. செம்பு மிருதுவான உலோகம். ஒவ்வொரு தாளுக்கும் துணியால் தேய்க்கத் தேய்க்கக் கோடு மழுங்கும். முதலில் எடுத்த பிரதிகள் கருகருவென்று இருக்கும், பிந்தியது சாம்பல். ஆக, பத்தாயிரம் அடித்து மலிவாக விற்கிற தொழில் இல்லை இது. கொஞ்சப் பேருக்குக் கொஞ்சப் பிரதி, விலை அதிகம். அந்தக் கொஞ்சப் பேர் யார்? வரிக் குத்தகைக்காரன், பிரபு, அரண்மனை. அவன் கையை மடக்கினால் ஐசனுக்கு வேறு வாசல் கிடையாது. எங்களுக்கு ஒப்செட் என்ற புது அச்சு முறை வந்தபோது நடந்ததும் இதுதான், எழுத்துக் கோர்ப்பு வேலை தெரிந்த ஆளின் கை கெட்டுப்போகவில்லை, அந்தக் கையைக் கேட்டு வருகிற ஆள் இல்லாமல் போனான்.

மகள், உங்கட நாற்பது படத்துக்கு எழுத்தில் ஏதும் வாங்கினீர்களா? அடுத்த முறை படம் கொடுக்க முதல் பாதிக் காசு, பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று ஒரு வரி. வெட்கப்படவேண்டாம்.

படுவான்கரைப்பிள்ளை

காக்கா, எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. தெரிந்த ஆட்கள் என்று விட்டுவிட்டேன். மீசைக் கதை வாசித்துத் தனியாக இருந்து சிரித்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். ஐசன் வரைந்தாரா செதுக்கினாரா? அலியாமேயின் பெயர் ஏன் அங்கே இருக்கிறது?

கல்லடிக் கிறுக்கல்

வழமையாக இடது மூலையில் இருக்கிற பெயர் கற்பனை செய்து வரைந்தவர், வலது மூலையில் இருக்கிற பெயர் தகட்டில் செதுக்கியவர். இலத்தீனில் சுருக்கிப் போடுவார்கள்: இன்வ் என்று இருந்தால் கண்டுபிடித்தவர், டெல் என்றால் வரைந்தவர், ஸ்கல்ப் என்றால் செதுக்கியவர். ஐசன் தானே செதுக்கிய தகடுகளும் உண்டு, ஆனால் அவை கொஞ்சம். பெரும்பாலும் அவர் வரைவார், அலியாமே, லெ மீர், லோங்கேய் போன்றவர்கள் தகட்டுக்கு மாற்றுவார்கள். ஒரு படத்தை வரைவதற்கு ஒரு நாள் என்றால் செதுக்குவதற்குக் கிழமைக் கணக்கு. அதை நினைத்தால் அலியாமேக்குத்தான் நான் கூட இரங்குவேன், அவரைப் பற்றிக் கேட்டு ஒரு ஆளும் இழை திறக்கிறதில்லை.

தாழங்குடாக் காற்று

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோவிக்கவேண்டாம்.

ஐசனைப் பாவம் பார்க்கிறோம், சரி. ஆனால் அரண்மனைக்கும் வரிக் குத்தகைக்காரனுக்கும் அவன் கேட்டதைக் கேட்டபடி வரைந்து கொடுத்தவர் அவர். அந்த 80 படங்களிலும் ஒரு விவசாயியின் வயிறு காய்ந்த முகம் இருக்கிறதா? வேலைக்காரியும் இடைச்சியும் வருவார்கள், பட்டுப் போர்த்தாத குறைதான். பிரெஞ்சுப் புரட்சி வந்தபிறகு 1794இல் அந்தக் குத்தகைக்காரர்களில் பலரின் தலையை வெட்டினார்கள், வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த லவோசியேயும் அதில் ஒருவர். ஐசன் அதற்கு முன்னமே போய்ச் சேர்ந்தது நல்லது என்றுகூடச் சொல்லலாம். மொரோ புரட்சியையும் நெப்போலியனையும் தாண்டி 1814 வரை இருந்தவர், காலத்துக்கு ஏற்பக் கையை மாற்றிக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் வரைந்ததில் பழைய உயிர் இல்லை என்பது என் கருத்து. தப்பிப் பிழைத்தவனுக்கும் செலவு இருக்கிறது.

சரிவு என்ற சொல்லிலேயே எனக்குச் சந்தேகம். குஸ்தாவ் டோரேயை எடுங்கள். ஐசனுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர், 1832இல் ஸ்த்ராஸ்பூரில் பிறந்தவர். எங்கள் பெரியம்மா வீட்டில் அவருடைய விவிலியப் படங்கள் உள்ள ஒரு பழைய புத்தகம் இருந்தது, வெள்ளத்தில் மனிதர்கள் பாறையைப் பிடித்துத் தொங்குகிற படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு இரவு நித்திரை இல்லை, மறுகா 2004இல் கடல் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். அந்த மனுசனுக்கு வேலைக்கும் காசுக்கும் கடைசிவரை குறைவில்லை. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது பாரிஸ் விமர்சகர்கள் தன்னை ஓவியர் என்று சொல்வது. அவர்கள் சொல்லவில்லை, படம் போடுகிறவன் என்றே வைத்திருந்தார்கள். 51 வயதில் மனக்குறையோடு செத்தார். ஐசனுக்குக் காசு போனது, டோரேக்கு அந்த ஒரு சொல் வரவேயில்லை. எது பெரிய விழுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஐசன் மறைந்து எண்பது, தொண்ணூறு வருடம் கழித்துக் கோன்கூர் சகோதரர்கள் என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்கள் ஐசனின் நூற்றாண்டுக் கலையைப் பற்றி எழுதும்போது ஐசன், கிராவலோ, கொஷான், மொரோ நாலு பேரையும் ஒன்றாக வைத்து எழுதினார்கள். சேகரிப்பவர்கள் அந்தப் புத்தகங்களுக்கு அடிபிடி போடத் தொடங்கினார்கள். கருகருவென்ற முதல் பிரதியா, உளி படாமல் அமிலத்தோடு நிறுத்திய நிலையில் எடுத்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்கினார்கள். 1762 பதிப்புக்காகச் செய்து, அதிகம் வெளிப்படையாக இருக்கிறது என்று ஒதுக்கிய தகடுகள் சில உண்டு, அவற்றில் எடுத்த பிரதிக்குத்தான் விலை கூட. அவர் உயிரோடு இருந்தபோது அந்தக் காசில் நூறில் ஒரு பங்கு வந்திருந்தால் பிரஸ்ஸல்ஸ் கடன்காரர்கள் சும்மா இருந்திருப்பார்கள்.

அச்சுக் காக்கா

தாழங்குடாத் தம்பி, கேட்டதை வரைந்தவன் என்று குறை சொல்லுகிறீர்கள். நான் தேர்தலுக்கு எல்லாக் கட்சிக்கும் சுவரொட்டி அடித்தவன். என்னையும் அந்தப் பட்டியலில் போடுங்கள்.

தாழங்குடாக் காற்று

போட்டுவிட்டேன் காக்கா. மீசைக்காக ஒரு புள்ளி குறைத்துக்கொள்கிறேன்.

படுவான்கரைப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கையேட்டுக்காரர்களுக்கு நேற்று இரவே ஒரு செய்தி அனுப்பினேன், மறுபதிப்பில் பெயர் போடுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. காசைப் பற்றிப் பதிலில் ஒன்றும் இல்லை.

இன்று காலை படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வவுணதீவுக்குப் போய் மாமாவிடம் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். முதலில் சொன்னது, இந்தக் கூரை ஒரு கச்சான் காற்றுக்கு நிற்காது, தடிகளைக் கட்டவே இல்லை, சும்மா சாத்திவைத்திருக்கிறான். இரண்டாவது, பச்சை மரத்தைக் காலாக வைத்தால் அது காற்றில் ஆட ஆடக் கூரை ஒரு பக்கம் குலையும், யானைக்குப் பரண் அடிக்கத்தான் அப்படி நிற்கிற மரம் சரி. நான் லோஜியே, தூண், உத்தரம் என்று விளக்கத் தொடங்கினேன். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை, விரலை நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இவ காட்டிக்கொண்டு இருக்கிறா, சரி. கட்டினவன் எங்க புள்ள?"